லொறிக் கனகரின் மஞ்சள் ஜீப்பைச் சீமெந்தில் ஏற்றாதீர்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

மேடையிலே தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் எங்கள் கூட்டுறவுச் சங்கத் தலைவர், மதிப்புக்குரிய வீரபாகு ஐயா அவர்களே! முன் வரிசையில் மகள் யதுர்ஷிகாவின் கையைப் பிடித்தபடி இருக்கும் விமலேஸ்வரி அக்கா அவர்களே! ஸ்கந்தபுரத்து மக்களே! அக்கராயனில் இருந்து சேற்றிலே சைக்கிள் உழக்கி வந்தவர்களே! கதிரை கிடைத்தவர்களே, கதிரை கிடைக்காமல் இந்த நெல்லுக் களஞ்சியத்தின் வாசலில் குடையோடு நிற்பவர்களே!

என் பெயர் அன்ஸார். தண்ணீரூற்றைச் சேர்ந்தவன். தொழில் வெல்டிங். கேற் ஒட்டத் தெரியும், கிறில் ஒட்டத் தெரியும், மேடையில் நின்று சொல்லோடு சொல் ஒட்டத் தெரியாது. எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அதை நான் மீறப் போகிறேன். சொல்லப் போவதும் சிலருக்குப் பிடிக்காது. இரண்டுக்கும் சேர்த்து இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

இன்றைக்கு முப்பத்தோராம் நாள். நோன்பு எட்டாம் நாள் காலையில் விமலேஸ்வரி அக்காவின் கணவர், சாரதி கனகலிங்கம் அவர்கள், நீங்கள் எல்லோரும் லொறிக் கனகர் என்று கூப்பிட்ட கனகலிங்கத்தார், அறுபத்தொரு வயதில் எங்களை விட்டுப் போனார். எப்படிப் போனார்? வெளியிலே ஒரு கதை திரிகிறது. "அந்த மஞ்சள் ஜீப்தான் மனிசனைத் திண்டது" என்று இந்த வாசலிலேயே யாரோ சொன்னதை என் காதால் கேட்டேன். யார் சொன்னது? சொன்னவர் முன்னுக்கு வரட்டும்! காட்டிலே யானைக்கு முன்னால் நின்ற மனிதர், இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது ஆற்றுக்குள் இறங்கிய மனிதர், பாண் வாங்கச் சைக்கிளில் போன இடத்தில், கடை வாசலில், உழவு இயந்திரப் பெட்டி ஒன்று தட்டிச் செத்தார். ஜீப் அன்றைக்கு வளவுக்குள் மாமரத்தின் கீழ் நின்றது. ஜீப்பிலே பாண் வாங்கப் போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கூட்டமே இல்லை.

எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அவருக்குச் "சேவைச் செம்மல்" என்று பட்டம் கொடுத்தார்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பிறகு தலைவர் ஐயா ஓர் அறிவித்தல் செய்தார். சங்கத்தின் முன்றலில் சீமெந்துக் கட்டு ஒன்று கட்டி, ஜீப்பின் சில்லுகளைக் கழற்றி, அதை அந்தக் கட்டின்மேல் ஏற்றிப் பூட்டி, கனகலிங்கம் அவர்களின் பெயரைக் கல்லிலே பொறித்து, நினைவுச் சின்னமாக வைக்கப் போகிறோம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனால் ஐயா, அந்த ஜீப்பின் ஒவ்வோர் ஒட்டையும் ஒட்டியவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன். நான் இதை எதிர்க்கிறேன். எதிர்க்கத்தான் எழும்பி வந்தேன்.

ஏன் எதிர்க்கிறேன்? அதைச் சொல்ல முதலில் லொறியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கனகலிங்கத்தார் இருபத்தாறு வருடம் இந்தச் சங்கத்தின் லொறி ஓடினார். நெல் ஏற்றினார், சீனி ஏற்றினார், பசளை ஏற்றினார். ஆனால் உங்களுக்கு அவரைத் தெரிந்தது நெல்லாலா? சீனியாலா? இல்லை! யுத்தத்தில் இடம்பெயர்ந்து கிளாலிக் கரையில் வந்திறங்கிய சனத்தை ஏற்றியவர் அவர். கிளிநொச்சியை விட்டு வந்த சனத்தை ஏற்றியவர் அவர். இந்தக் களஞ்சியத்துக்குள் இப்போது இருப்பவர்களில் எத்தனை பேர் அந்த லொறிப் பெட்டியில் சட்டிபானைக்கு மேலே குந்தியிருந்து வந்தவர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா தலைவர் ஐயா? நீங்களும் தூக்கியிருக்கிறீர்கள்.

நானும் அந்த லொறியில் ஏறியவன்தான். ஆனால் நான் போனது வேறு பக்கம். சரியாகப் பதினைந்து வருடத்துக்கு முன், இதே ஐப்பசி மாதம், முஸ்லிம்களாகிய எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். ஏன், எதற்கு என்று இந்த மேடையில் நான் விரிக்கப் போவதில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் உம்மா, என் மனைவி ஸுஹறா, மூன்று பிள்ளைகள், ஆளுக்கொரு பை. வவுனியாவுக்கு இப்பாலே எங்களை இறக்கிவிட்ட லொறியின் சாரதி கனகலிங்கத்தார். அந்த லொறியின் சட்டத்தில் என் கையால் போட்ட ஒட்டுகள் இருந்தன. அவர் எங்களை இறக்கிவிட்டுப் பின்கதவைப் பூட்டப் பார்த்தார். கொளுக்கி விழவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் நிற்பதற்கு அந்தக் கொளுக்கி அவருக்கு உதவியாக இருந்தது. நான் அவரோடு கோபம்.

பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தேன். போர்நிறுத்தம் வந்து, இரண்டாயிரத்து இரண்டு சித்திரையில் ஏ-ஒன்பது பாதை திறந்தது. ஆவணியில் ஒரு நாள் என் கொட்டில் வாசலில் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். மெலிந்து, தலை நரைத்து, கையிலே முறிகண்டிக் கச்சான் கடலைப் பையோடு!

"அன்ஸார், ஒரு வெல்டிங் வேலை இருக்குது. வாறியோ?"

சுகம் கேட்கவில்லை. உம்மா மௌத்தானது, அதுதான் காலமானது, அவருக்குத் தெரியாது, அதையும் கேட்கவில்லை. "என்ன வேலை அண்ணை?" என்றேன். "ஒரு சின்ன ஜீப். நாலு சில்லும் இழுக்கிற சாமான். துருப்பிடிச்சுப் போச்சுது. வேற ஆரிட்டையும் குடுக்க விருப்பமில்லை" என்றார். நான் என் வெல்டிங் கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டேன். ஸுஹறா என்னை முறைத்துப் பார்த்தா.

சபையோரே, அந்த ஜீப்பை அன்றைக்குப் பார்த்திருந்தால் அதை ஜீப் என்றே சொல்லமாட்டீர்கள். எழுபத்தெட்டாம் ஆண்டில் செய்த ஜப்பான் ஜீப். ஒரு கட்டிலின் அளவு. அரிசி மில்லின் பின்னால் பதினொரு வருடம் கிடந்தது. எஞ்சினுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சாரதி ஆசனத்தில் ஒரு கோழி அடைகிடந்தது. கோழியை எழுப்ப விடவில்லை கனகர். "குஞ்சு பொரிக்கட்டும், அதுவும் ஒரு பயணக்காரிதானே" என்று இரண்டு கிழமை காத்திருந்தார். நான் சம்பளமும் இல்லாமல், வேலையும் இல்லாமல், கோழியைப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டில் விமலேஸ்வரி அக்காவின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு தொடங்கினோம். சங்கத்தின் பழைய லொறி உடைந்து கிடந்ததே, அதன் வில்லுத் தகடுகளை வெட்டி ஜீப்பை உயர்த்தினோம். தண்ணீருக்குள் போனால் எஞ்சின் மூச்செடுக்கவேண்டும் என்று தோட்டத்துக்கு இறைக்கும் குழாயில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக்கு மேலே வரை ஏற்றினோம். வயல் உழுகிற லாண்ட்மாஸ்ரரின் ரயரைப் பூட்டினால் சேற்றில் நன்றாக ஓடும் என்று கனகர் அடம்பிடித்தார். பூட்டினேன். ஜீப் திரும்ப மறுத்து நேரே போய் வாய்க்காலில் இறங்கியது. வாய்க்காலுக்குள் இருந்துகொண்டு, "பார், நல்லாய் ஓடுதுதானே" என்கிறார் மனிதர்! பொருளாதாரத் தடைக் காலத்துப் பழக்கத்தில் ஒரு சேலைன் போத்தலைக் கொழுவி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் அந்தப் போத்தலைக் கழற்ற விடவில்லை. "கிடக்கட்டும், எங்கட சரித்திரம்" என்றார்.

கூரைக்கு என்ன போட்டார்? தறப்பாள்! இடம்பெயர்ந்து வந்தபோது நிவாரணமாகக் கொடுத்த அந்த நீலத் தறப்பாள். அதற்குக் கீழேதான் யதுர்ஷிகா பெரியபிள்ளையானாள். அதற்குக் கீழேதான் அக்கா மலேரியாவில் கிடந்தா. அதையே மடித்து வெட்டித் தைத்து, உல்லாசப் பயணத்துக்கு நிழலாக்கினார். நிறத்துக்கு வந்தோம். யுத்த காலத்தில் எங்கள் வாகனங்களை எப்படி வைத்திருந்தோம்? சேறு பூசினோம். மேலே குழை கட்டினோம். வானத்தில் போகிறவனின் கண்ணில் படக்கூடாது என்று வாகனத்தைப் பற்றையாக்கினோம். நானும் பழக்கதோஷத்தில், "கடும் பச்சை அடிப்பமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"மஞ்சள் அடி. முட்டைக் கருவின்ர மஞ்சள். ஒளிச்சது காணும். தூரத்திலையே தெரியவேணும், லொறிக் கனகர் வாறான் எண்டு."

பின் பலகையில் தன் கையாலேயே எழுதினார். கடவுள் பெயர் எழுதவில்லை, பிள்ளையின் பெயர் எழுதவில்லை. "சும்மா போறம்" என்று எழுதினார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு நாள் எஞ்சின் பூட்டிக்கொண்டிருக்கையில் கேட்டேன், வயதுபோன நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று. கையில் இருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அன்ஸார், இருபத்தாறு வருஷத்திலை நான் ஏத்தினது முழுக்கப் போற சனம். வாற சனத்தை ஏத்தினதே இல்லை. காலமை வெளிக்கிட்டு, பாத்து, சாப்பிட்டு, பின்னேரம் அதே வீட்டை திரும்பி வாற பயணம் ஒண்டாவது நான் ஓடவேணும்."

பெரியோர்களே, இதற்குப் பெயர் சேவையா? இது ஆசை. ஒரு மனிதனின் வயிறு நிறைந்த ஆசை. அதைச் சேவை என்று வெள்ளையடிக்காதீர்கள். ஆசைப்பட எங்களுக்கு உரிமை இல்லையா? வேறு ஊரில் மனிதர் கடல் பார்க்கப் போனால் உல்லாசம், வன்னியில் போனால் ஊதாரித்தனமா?

இனி அந்த முதல் பயணத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்து மூன்று, தைப்பொங்கல் கழிந்த கிழமை. முத்தையன்கட்டுக் குளத்தில் மீன் வாங்கி, தண்ணீரூற்றில் என் வளவைப் பார்த்து, சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவது திட்டம். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நான் என் வளவைப் பார்க்கப் போகிறேன். விடிந்ததும் சாமான் ஏற்றினோம். அரிசிப் பை, சட்டிபானை, பாய், தண்ணீர்க் கான், விறகு. அடுத்த வீட்டு ராசு பல்லுத் தீட்டிக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் பல்லுத் தீட்டும் தடியை எறிந்துவிட்டு உள்ளே ஓடினான்.

"எணேய், வெளிக்கிடு! லொறிக் கனகர் வெளிக்கிடுறார்!"

சிரிக்காதீர்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஓடவேண்டும் என்ற செய்தி முதலில் தெரிவது லொறிக்காரருக்குத்தானே? கனகர் பாயைச் சுருட்டினால் ஊர் சுருட்டவேண்டியதுதானே? அரை மணித்தியாலத்தில் ஒழுங்கை முழுக்கச் சாமான். உழவு இயந்திரங்கள் புகைவிட்டன. ஆடுகளை அவிழ்த்தார்கள். நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை அம்மிக்குப் பக்கத்தில் பெட்டியில் ஏற்றினார்கள். ராசு ஏணி வைத்துக் கூரைத் தகரத்தில் நாலைக் கழற்றி இறக்கிவிட்டான். பிறகு மூச்சு வாங்க ஓடி வந்து கேட்டான், "எந்தப் பக்கம் அண்ணை?"

"முத்தையன்கட்டுக்கு."

"அங்கை பாதுகாப்போ?"

"அங்கை மீன் இருக்குது."

ஒழுங்கை அப்படியே நின்றது. ராசுவின் மனைவி கையிலிருந்த பானையைப் போட்டு உடைத்துவிட்டு அழத் தொடங்கினா. ராசு கனகரின் சட்டையைப் பிடித்துவிட்டான். "உனக்கு விசரோ? சும்மா போறதுக்கு ஏன் சாமான் ஏத்தினாய்? எங்களைச் சாக்காட்டவோ?" கனகர் அந்தக் கையைத் தட்டிவிடாமல் நின்றார். வாழ்நாளில் அவர் அப்படி நின்றதை நான் கண்டதில்லை. இந்த ஊரை ஒரு பாயாலும் ஒரு பானையாலும் வெருட்டிவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. "இறக்குங்கோ, போகேல்லை" என்றார் என்னிடம்.

அப்போதுதான் அக்கா வந்தா. நேரே கிணற்றடிக்குப் போனா. கனகரின் கோடுபோட்ட சட்டை ஒன்றை வாளிக்குள் அமிழ்த்தி, பிழிந்தும் பிழியாமலும் எடுத்து வந்து, ஒழுங்கைப் பக்கத்துக் கொடியில் எல்லோரும் பார்க்க விரித்துப் போட்டா.

"இஞ்சை பாருங்கோ. ஈரச் சட்டையைக் கொடியிலை விட்டிட்டு ஆரும் ஓடுவினமோ? இது காய முன்னம் நாங்கள் வந்திடுவம். தகரத்தைத் திருப்பிப் போடு ராசு."

அக்கா சொன்னது உண்மை! ஓடுகிற சனம் தகரத்தைக் கழற்றும், நிலையைக் கழற்றும், கதவைக் கழற்றும். ஈரத் துணியை விட்டுவிட்டு ஓடாது. ராசு சட்டையைப் பார்த்தான், கனகரைப் பார்த்தான், பிடித்திருந்த கையை விட்டான். பிறகு ஏணியில் ஏறினான்.

நாங்கள் போனோம்! முறிகண்டியில் கனகர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், நான் கச்சான் கொறித்துக்கொண்டு நின்றேன். மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் தாண்டி, என் ஊருக்குப் போனோம். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வெள்ளைக் கட்டை நட்ட பாதையை விட்டு ஒரு சாண் கூட விலகவில்லை. கனகர் விளையாட்டுப் பிள்ளைதான், மடையர் இல்லை. என் வளவில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. சுவருக்குள் பாலை மரம் வளர்ந்திருந்தது. நான் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதேன். கனகர் ஆறுதல் சொல்லவில்லை. மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, முத்தையன்கட்டில் வாங்கிய மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிய, "பின்னேரமாச்சுது, திரும்புவமோ?" என்று கேட்டார். அந்த ஊரை விட்டு இரண்டாம் முறை வெளிக்கிட்டேன். ஆனால் இந்த முறை, போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் திரும்பவும் போனேன். அதற்கடுத்த மாதம் பாலை மரத்தைத் தறித்தேன். இன்றைக்கு அங்கே என் வீட்டுக்குக் கூரை இருக்கிறது.

ராசு ஒரு நாள் என்னிடம் போகிற போக்கில் சொன்னான்: "அக்கராயன் வெல்டர் அந்த ஜீப்பைத் தான் ஒட்டித் தாறன் எண்டு எத்தினை தரம் கேட்டவன். கனகர்தான் விடேல்லை." நான் நேரே கனகரிடம் போனேன். "இஞ்சை வெல்டர் இல்லையெண்டோ அண்ணை என்னைப் புத்தளத்திலை இருந்து கூட்டி வந்தனீங்கள்?" அவர் கொஞ்சமும் அசையாமல் சொன்னார், "அவன்ர ஒட்டு நிக்காது." போய்ப் பார்த்தேன் சபையோரே. ராசுவின் கேற்றில் அந்த வெல்டர் போட்ட ஒட்டு பதினாறு வருடமாக நிற்கிறது! பன்னிரண்டு வருடமாக ஒரு கொளுக்கியைப் பூட்ட முடியாமல் நின்ற மனிதர், என்னைத் திருப்பிக் கூட்டிவர ஒரு துருப்பிடித்த ஜீப்பை வாங்கினார். நான் அவரோடு கோபம் என்று முதலில் சொன்னேனே, அது அன்றைக்கு முடிந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். கனகரண்ணை, எனக்கு உங்களோடு கோபம் இல்லை.

பிறகு போன இடங்களை எண்ணி முடியுமா? ஒட்டுசுட்டான் காட்டோரம் யானை வந்து மறித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தோம். யானை எங்களை ஒன்றும் செய்யவில்லை, கூரைத் தறப்பாளை உருவிக்கொண்டு போனது. அடுத்த நாள் கனகர் அதைத் தேடிப் போனார். "அது அகதிக்குக் குடுத்த தறப்பாள், யானைக்குப் பதிவில்லை" என்று சொல்லி எடுத்துக்கொண்டும் வந்துவிட்டார், ஒரு கிழிசலோடு! மண்ணித்தலையின் மணல் மேட்டில் ஏறினோம், நந்திக்கடல் சேற்றில் புதைந்து மீன்பிடிகாரரின் கயிற்றால் இழுபட்டோம். ஸுஹறாவையும் பிள்ளைகளையும் கூட்டிவரப் போனபோது ஓமந்தைச் சாவடியில் ஒரு பொடியன், "ஏன் போறது?" என்று கேட்டான். "சும்மா" என்றார். பத்திரத்தில் அதற்கு இடமில்லை என்றான். "அப்ப இடம் போட்டு வாரும், நான் நிக்கிறன்" என்று மூன்று மணித்தியாலம் நின்றார். உறவினர் வீடு என்று எழுதியிருக்கலாம். வைத்தியசாலை என்று எழுதியிருக்கலாம். எழுதமாட்டேன் என்றார்! கடைசியில் அந்தப் பொடியனே சிரித்து, எதையோ கிறுக்கி விட்டான்.

போன வருட வெள்ளத்தில் பிள்ளைத்தாய்ச்சியைத் தண்ணீருக்குள்ளால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதை எல்லோரும் இங்கே பாராட்டினீர்கள். உண்மைதான். உழவு இயந்திரம் நின்ற இடத்தில் ஜீப் போனது. ஏன் போனது தெரியுமா? இரண்டு வருடம் அதே ஆற்றில் அவர் விளையாடியிருந்தார். எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் குழி என்று சில்லுக்குத் தெரியும். சும்மா ஓடியிராவிட்டால் அன்றைக்கு ஓடியிராது தலைவர் ஐயா!

அந்த ஈரச் சட்டையும் ஊரிலே பழக்கமாகிவிட்டது. கலியாணத்துக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சாமான் ஏற்றும் வீட்டுக் கொடியில் ஓர் ஈரத் துணி. பார்த்தவர்கள் பயப்படாமல் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அக்கராயனிலும் இப்போது அப்படித்தான் என்று கேள்விப்படுகிறேன்.

விமலேஸ்வரி அக்கா, இனி உங்களோடு பேசுகிறேன். செத்தவீட்டில் நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லி அழுதீர்கள். "பாண் வாங்கத்தானே எண்டு விட்டிட்டன், அண்டைக்கு ஒரு சட்டையைத் தோய்ச்சுப் போட்டிருந்தால் மனிசன் வந்திருக்கும்" என்றீர்கள். அக்கா, சட்டை எங்களைக் காப்பாற்றியதில்லை. சட்டை சனத்துக்குச் சொன்ன சொல், அவ்வளவுதான். அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. அங்கே பாருங்கள், ராசு தலையாட்டுகிறான்.

ஆனால் முப்பது நாளாக உங்கள் கொடி வெறுமையாகக் கிடந்தது. அதை ஒழுங்கை பார்த்தது. பேப்பர் படிக்கிறவர்களின் முகமும் இப்போது சரியில்லை. திரும்பவும் வருமாம், திரும்பவும் தொடங்குமாம் என்று கதைக்கிறார்கள். ராசு, போன கிழமை நீ கூரைக்குக் கீழே நின்று தகரத்து ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். வெட்கப்படாதே. யுத்தம் வராது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்? வந்தால் ஓடத்தான் வேண்டும், பிள்ளை குட்டியோடு நின்று சாக முடியாது. ஆனால் வர முதலே ஓடத் தொடங்கினால் நாங்கள் எந்த நாளில் இருப்பது? இந்த நேரத்தில், லொறிக் கனகரின் ஜீப்பைச் சில்லுக் கழற்றிச் சீமெந்தில் பூட்டி வைத்தால், அதைப் பார்க்கிற சனத்துக்கு என்ன விளங்கும்? இனிப் போய்வருகிற பயணம் இல்லை என்று விளங்கும். அதைத்தான் ஐயா நான் எதிர்க்கிறேன். கல்லில் பெயர் பொறியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜீப்பைத் தொடாதீர்கள்!

இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்கிறேன். என் கையில் வெல்டிங் கோல் பிடிக்க வலு இருக்கும்வரை அந்த ஜீப்பின் எந்த ஒட்டும் விடாது. மாதத்தில் ஒரு நாள் அது சும்மா போகும். யதுர்ஷிகா ஓடுவா. பொம்பிளைப் பிள்ளை ஜீப் ஓடுவதா என்று கேட்க வாய் திறந்தவர்கள் திறந்தபடியே ஒரு தரம் ஏறி இருந்து பாருங்கள். தகப்பனைவிடப் பிள்ளை நல்லாய்க் கியர் மாற்றுவா, கனகரே ஒத்துக்கொண்டது. இது என்னுடைய விருப்பம் மட்டும் என்று நினைத்துத்தான் நேற்றுவரை பயந்துகொண்டிருந்தேன். அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன்.

இன்று காலை அக்காவைக் கூட்டத்துக்குக் கூட்டிவரப் போனேன். படலையைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஜீப் மாமரத்தின் கீழ் இல்லை, படலைப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தது. அரிசிப் பை ஏற்றியிருந்தது. பாய் ஏற்றியிருந்தது. யதுர்ஷிகா சேலைன் போத்தலில் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்தா. அக்கா கிணற்றடியில் இருந்து வந்தா, கையிலே அந்தக் கோடுபோட்ட சட்டை. தண்ணீர் வடிய வடியக் கொடியில் விரித்துப் போட்டா.

வானம் கறுத்திருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்கா, மழை வரும்போலை. சட்டை காயாது."

"காயாட்டில் கிடக்கட்டும்," என்றா. "நாங்கள் வந்து எடுப்பம்."

தலைவர் ஐயா, கூட்டம் முடிந்ததும் வெளிக்கிடுகிறோம், முன் ஆசனம் உங்களுக்கு. ராசு, நீ பின்னால். தண்ணீரூற்றில் ஸுஹறா அடுப்பில் சோறு ஏற்றியிருப்பா. மற்றவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கொடியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள். வழமையாக இந்த இடத்தில் பேச்சாளர் விடைபெறுவார். நான் விடைபெறவில்லை.

போயிட்டு வாறம்.